பூட்டு யாருடையது?

எங்கள் பக்கத்தில் 'தடை' என்ற சொல்லுக்கு அகராதி தருவதைக் காட்டிலும் பொருள் அதிகம். மீன்பிடித் தடை, போக்குவரத்துத் தடை, பொருளாதாரத் தடை என்று அது பல வடிவங்களில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து போயிருக்கிறது. 1990களில் 'கட்டுப்பாடற்ற பகுதி' என்று அரசாங்கம் பெயரிட்டிருந்த இடங்களுக்குப் பற்றரியோ, எரிபொருளோ, உரமோ கொண்டுசெல்ல முடியாது. மட்டக்களப்பு - திருகோணமலை வீதியில் காயான்கேணிக்கும் பனிச்சங்கேணிக்கும் இடையிலே கிடக்கின்ற மாங்கேணி, அந்தத் தடைகளின் ஓர் எல்லைக் கோடாகவே பல காலம் இருந்தது. இங்கே இராணுவ முகாம். இதற்கு வடக்கே வாகரைப் பக்கம் 2007 ஜனவரி வரை புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசம். அடையாள அட்டையை நீட்டாமல் இவ்வழியே எவரும் போய் வந்ததில்லை.

இப்படிப்பட்ட மண்ணிலே ஓர் இணையத்தளம் திறக்கவில்லை என்றால், மனிதர்களுக்கு முதலில் என்ன தோன்றும்? "பூட்டிப்போட்டானுகள்" என்பதுதான். யார் பூட்டியது என்று எவரும் கேட்பதில்லை. எழுவாய் இல்லாமலே அந்த வாக்கியம் எல்லோருக்கும் விளங்கும்.

அந்த ஐயம் வெறுங்காற்றில் முளைத்ததன்று. 2007 ஜூன் மாதத்தில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கைக்குள் திறக்காமற் போயிற்று. 1997 முதல் இயங்கிவந்த அந்தத் தளத்தின் ஆசிரியர்களில் ஒருவராக விளங்கியவர் எங்கள் மட்டக்களப்பைச் சேர்ந்த தர்மரத்தினம் சிவராம். 'தராகி' என்ற பெயரிலே நாடு முழுவதும் அறியப்பட்டவர். அவர் 2005 ஏப்ரல் 28ஆம் திகதி இரவு கொழும்பிலே கடத்தப்பட்டு மறுநாள் சடலமாகக் கண்டெடுக்கப்பட்டார். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர் தளமும் நாட்டுக்குள் மறைக்கப்பட்டது. வாகரையிலிருந்து இடம்பெயர்ந்தவர்களின் கதைகள் இன்னும் சூடாறாத நாட்கள் அவை. எங்கள் கணினித் திரைகளில் அப்போது தெரிந்ததெல்லாம் 'பக்கத்தைக் காட்ட முடியவில்லை' என்ற சாதாரண வாசகமே. இது தடை செய்யப்பட்டது என்று அந்தத் திரை சொல்லவில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கோ அதே பக்கம் தங்குதடையின்றித் திறந்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய பின்னரே அத்தகைய தடைகள் நீக்கப்படும் என்ற அறிவித்தல் வந்தது.

பின்னரும் பூட்டுகள் வந்தன. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்செயல்கள் வெடித்தபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியவை நிறுத்தப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று, எங்கள் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்த அதே நாளில் சமூக ஊடகங்கள் மீண்டும் மறைந்தன. உறவினர் உயிரோடிருக்கிறாரா என்று கேட்பதற்கு வட்ஸ்அப்பைத் திறந்தவர்கள் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, பொருளாதார நெருக்கடியை எதிர்த்து மக்கள் வீதிக்கு வந்துகொண்டிருந்த வேளையில், ஊரடங்கோடு சமூக ஊடகத் தடையும் சேர்ந்து வந்தது. ஒரு நாள் முடிவதற்குள் அது விலக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் ஐயம் விலகவில்லை.

அந்த ஐயம் விலகாத நாட்களில் மாங்கேணியில் நடந்த ஒன்றைத்தான் இங்கு சொல்ல வருகிறேன்.

தடை நீங்கிய அடுத்த வாரம். என் தமக்கையின் வீடு மாங்கேணியில் இருக்கிறது. அவருடைய இளைய மகன் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒரு பழைய மேசைக் கணினி, விண்டோஸ் 7. கைத்தொலைபேசியின் இணைப்பைக் கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுத்துப் பாடக் குறிப்புகளைப் பார்ப்பான். மின்வெட்டு நேரங்கள் கூடியும் குறைந்தும் வந்த காலம் அது. மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போயிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மருமகன் முகம் சிவந்திருந்தான்.

"மாமா, நம்மட பேப்பரையும் பூட்டிப்போட்டானுகள்" என்றான்.

அவன் 'நம்மட பேப்பர்' என்றது நாங்கள் எல்லோரும் ஆண்டுக்கணக்காக வாசித்துவரும் ஒரு தமிழ் நாளிதழின் இணையத்தளத்தை. அவன் சொன்னதற்கு ஆதாரமும் வைத்திருந்தான். அந்தத் தளம் திறக்கவில்லை. சில பழைய தளங்கள் மட்டும் திறந்தன. தேர்ந்தெடுத்துத்தான் பூட்டியிருக்கிறார்கள் என்பது அவனுடைய வாதம். வாதம் என்றளவில் அது சோடை போனதன்று. அதற்குள் அவன் தன் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் 'பத்திரிகையும் தடை' என்று எழுதியும்விட்டான். அது அங்கிருந்து ஊர்க் குழுவுக்கும், ஊர்க் குழுவிலிருந்து வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளின் குழுவுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. கட்டாரிலிருந்து ஒருவர் தமக்கைக்கு அழைப்பெடுத்து, "ஊரில என்ன நடக்குது அக்கா?" என்று கேட்கும் அளவுக்கு விடயம் வளர்ந்துவிட்டது.

நான் அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "அதே பக்கம் உன்ர போனில திறக்குதா?"

திறந்தது. கணினிக்கு இணைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்த அதே கைத்தொலைபேசியில், அதே சிம் அட்டையில், அந்தப் பத்திரிகை அழகாகத் திறந்தது. அப்படியானால் பூட்டு கொழும்பில் இல்லை. இந்த மேசையின் மேலேதான் எங்கோ இருக்கிறது.

பிறகு திரையில் எழுதியிருந்ததை வாசிக்கச் சொன்னேன். எச்சரிக்கைக் குறியைக் கண்டதும் எல்லோரும் பக்கத்தை மூடிவிட்டார்களே தவிர, அதன் கீழே ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் பார்க்கவில்லை. 'உங்கள் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது' என்று அது தெளிவாகவே சொல்லியிருந்தது. திரையின் வலது மூலையில் இருந்த திகதியைப் பார்த்தோம். 2009 ஜனவரி 1. மின்வெட்டு வரும்போதெல்லாம் அந்தக் கணினி பதின்மூன்று வருடம் பின்னோக்கிப் போய்விடுகிறது. காரணம், கணினியின் தாய்ப்பலகையில் நாணயம் போன்ற வட்டமான ஒரு சிறு பற்றரி இருக்கும். மின்சாரம் இல்லாத வேளையிலும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுவே. அது செத்துப்போயிருந்தது.

கடிகாரத்துக்கும் பத்திரிகைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். மருமகனும் அதையே கேட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கும் சொல்கிறேன்.

ஒரு தளத்தின் முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் தெரிந்தால், அந்தத் தளம் ஒரு சான்றிதழை நீட்டியிருக்கிறது என்று பொருள். அது தளத்தின் அடையாள அட்டை. நாம் சோதனைச் சாவடியில் நின்ற காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையை வாங்கிப் பார்த்த சிப்பாய்க்கு நாம் நல்லவரா கெட்டவரா என்பது தெரியாது. பெயர் பொருந்துகிறதா, அட்டையை வழங்கியவர் வழங்கத் தகுதியுள்ளவரா, அது இன்று செல்லுபடியாகுமா என்றுதான் அவர் பார்த்தார். உலாவியும் இதே மூன்றைத்தான் பார்க்கிறது. நீங்கள் கேட்ட முகவரியும் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றா? சான்றிதழை வழங்கிய நிறுவனம், கணினி தன்னிடம் வைத்திருக்கும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்கிறதா? இன்றைய திகதி, சான்றிதழின் தொடக்க நாளுக்கும் முடிவு நாளுக்கும் இடையில் வருகிறதா? கணினி 2009 என்று நம்பிக்கொண்டிருந்தால், 2022இல் வழங்கப்பட்ட சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத பிள்ளையின் அடையாள அட்டை. மறுத்துவிடும். சான்றிதழே இல்லாத பழைய தளங்களில் சரிபார்க்க எதுவும் இல்லை. ஆகவே அவை திறந்தன. மருமகன் 'தேர்ந்தெடுத்த தடை' என்று கண்டது இந்த வேறுபாட்டைத்தான்.

திகதியைச் சரிசெய்தோம், பத்திரிகை திறந்தது. வாழைச்சேனையில் புதிய பற்றரி ஒன்று வாங்கிப் போட்ட பின்னர் அந்தத் தொல்லை இல்லை. குழுக்களில் திருத்தம் எழுதும்படி மருமகனிடம் சொன்னேன், எழுதினான். ஆனால் முதற்செய்தி போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. முதற்பக்கத்தில் வந்த செய்தியின் திருத்தம் எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் வரும் என்பது நமக்குத் தெரிந்ததே.

ஒரு பற்றரியின் கதை இவ்வளவோடு முடிந்துவிடும். ஆனால் 'நம்பிக்கையான தளம்' என்று நாம் சொல்லும்போது இரண்டு வெவ்வேறு நம்பிக்கைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம் என்பதே என் கவலை. ஒரு பத்திரிகை உண்மை எழுதுகிறது என்று நாம் வைக்கும் நம்பிக்கை ஒன்று. திரையில் தெரிவது உண்மையில் அந்தப் பத்திரிகையிடமிருந்துதான் வருகிறது, இடையில் எவரும் கைவைக்கவில்லை என்ற நம்பிக்கை இன்னொன்று. முதலாவதைப் பற்றி உலாவிக்கு எதுவும் தெரியாது. பொய்யெழுதும் தளமும் ஒழுங்கான சான்றிதழோடு திறக்கும். இரண்டாவதைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது. அதை உலாவிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே, 'இது எனக்குத் தெரிந்த பத்திரிகைதானே' என்று சொல்லிக்கொண்டு எச்சரிக்கையைத் தாண்டிப் போவது, தெரிந்தவரின் குரல் கேட்கிறது என்று இருட்டில் கதவைத் திறப்பதற்கு ஒப்பானது.

இதற்கு உலகறிந்த உதாரணம் 2011இல் நடந்தது. நெதர்லாந்தில் டிஜிநோட்டார் என்ற, சான்றிதழ் வழங்கும் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், கூகிளின் பெயரில் ஒரு போலிச் சான்றிதழை உண்டாக்கிக்கொண்டார்கள். அது ஈரானில் ஜிமெயில் பாவிப்போரின் தொடர்புகளை இடைமறிக்கப் பயன்படுத்தப்பட்டது. ஏறத்தாழ மூன்று இலட்சம் இணைய முகவரிகள் பாதிக்கப்பட்டதாகப் பின்னர் கணிக்கப்பட்டது. பெரும்பாலானோருக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. வழங்கிய நிறுவனம் நம்பிக்கைப் பட்டியலில் இருந்ததே காரணம். கூகிளின் சொந்தச் சான்றிதழ்களைத் தனியாக அறிந்துவைத்திருந்த குரோம் உலாவி மட்டும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் பொருட்படுத்திய ஓர் ஈரானியர் ஆகஸ்ட் இறுதியில் அதை வெளியே சொன்னார். விடயம் உலகுக்குத் தெரிந்தது. உலாவிகள் அந்த நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டெம்பரில் அது வங்குரோத்தாகியது. ஒரு மனிதர் திரையில் எழுதியிருந்ததை வாசித்தார் என்பதே இங்கு முக்கியம். செய்தி தருபவர்களின் பெயரைக் காக்கக் கடமைப்பட்ட எங்களைப் போன்றவர்கள் இதை மறக்கலாகாது.

நம் நாட்டுத் தமிழ்த் தளங்களில் அடிக்கடி நேர்வது இவ்வளவு பெரிய சதியன்று, சோர்வுதான். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற இலவசச் சான்றிதழ் பணி 2015 இறுதியில் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அது வழங்கும் சான்றிதழ்களின் ஆயுள் வழமையாகத் தொண்ணூறு நாட்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு எங்கோ அறுந்துபோனால், சிறிய செய்தித்தளம் ஒரு காலையில் எல்லா வாசகர்களுக்கும் எச்சரிக்கைப் பக்கமாகிவிடும். அவ்வேளையில் குற்றம் வாசகருடைய கணினியில் இல்லை. தளத்தாருக்கு அறிவிப்பதே செய்யத்தக்கது. வேறொரு வகையும் உண்டு. 2021 செப்டெம்பர் 30ஆம் திகதி, அதே சான்றிதழ்களுக்கு அடிப்படையாக நின்ற பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியாகியது. நம்பிக்கைப் பட்டியல் புதுப்பிக்கப்படாத பழைய கணினிகளிலும் பழைய ஐபோன்களிலும் அன்று முதல் பல நல்ல தளங்கள் திறக்க மறுத்தன. விண்டோஸ் 7இல் இயங்கும் கடைசிக் குரோம் 2023 ஜனவரியில் வந்த 109ஆம் பதிப்பு. பழைய கணினிகளை விட்டால் வேறு வழியில்லாத வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அவர்களுக்கு உலகம் தளம் தளமாக மூடிக்கொண்டு வரும். எவரும் தடை போட்டிருக்க மாட்டார்கள்.

முழுச் சிவப்புப் பக்கம் ஒன்றும் உண்டு. 'இத்தளம் ஏமாற்றக்கூடியது', 'தீங்கான மென்பொருள் உள்ளது' என்று அது சொல்லும். அது சான்றிதழ்ப் பிரச்சினை அன்று. தளத்துக்குள் எவரோ புகுந்து நச்சு நிரலை வைத்திருக்கக்கூடும் என்று கூகிளின் பாதுகாப்புப் பட்டியல் கருதுகிறது என்பதே அதன் பொருள். எவ்வளவு மதிப்புக்குரிய தளமாயினும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். தளத்தார் துப்புரவாக்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

ஆகவே ஒரு தளம் திறக்கவில்லையென்றால் நான் கைக்கொள்ளும் ஒழுங்கு இது. முதலில் திரையில் உள்ளதை முழுவதும் வாசிப்பது. இரண்டாவது, திகதியையும் நேரத்தையும் பார்ப்பது. மூன்றாவது, அதே இணைப்பில் வேறொரு கருவியில் திறந்து பார்ப்பது. அங்கே திறந்தால் குற்றம் முதற்கருவியில். அப்போது உலாவியைப் புதுப்பிப்பதும், அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நீட்சிகளையும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் இணையச் சோதனையையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பதும் பயன்தரும். நான்காவது, வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையில் பார்ப்பது. ஐந்தாவது, வெளிநாட்டில் இருக்கும் ஒருவரைத் திறந்து பார்க்கச் சொல்வது. வெளிநாட்டிலும் திறக்கவில்லையென்றால் தளமே படுத்துவிட்டது. வெளிநாட்டில் திறந்து, இங்கே எல்லாக் கருவிகளிலும் எல்லா நிறுவனங்களின் இணைப்பிலும் திறக்கவில்லையென்றால்தான் தடை என்ற ஐயத்துக்கு இடமுண்டு. பெரும்பாலும் அத்தகைய தடை 'தளத்தை அடைய முடியவில்லை' என்றோ, நெடுநேரம் சுழன்று ஓய்ந்தோ தெரியும். சில வேளை இணைப்பு வேறிடத்துக்குத் திருப்பப்படுவதால் சான்றிதழ் எச்சரிக்கையாகவும் வரும். அவ்வெச்சரிக்கையைத் தாண்டலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு முறை என் வீட்டு இணைப்பில் ஒரு செய்தித்தளம் இரண்டு நாட்களாகத் திறக்காதிருந்தபோது, இணைப்பு வழங்குநரின் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். பேசிய பிள்ளை மிகுந்த மரியாதையோடு, "ரவுட்டரை நிறுத்திப் போடுங்கோ சேர்" என்று மூன்று தரம் சொன்னார். மூன்று தரமும் போட்டேன். தளம் தடுக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு மட்டும் கடைசிவரை பதில் வரவில்லை. இத்தகைய மௌனத்தில்தான் வதந்தி வளர்கிறது.

அதனாலேயே குறித்துவைக்கும் பழக்கம் வேண்டும். என்ன நேரம், எந்த நிறுவனத்தின் இணைப்பு, திரையில் என்ன வாசகம், வேறெங்கே திறந்தது என்று ஒரு தாளில் எழுதி, திரையைப் படமெடுத்து வைத்தால் அது சான்று. ஊனி என்ற அமைப்பு 2012 முதல் உலகெங்கும் இணையத் தடைகளை அளந்து பொதுவில் வைக்கிறது. அதன் இலவசச் செயலியைக் கைத்தொலைபேசியில் போட்டு எவரும் சோதிக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, எந்தத் தளம், யாருடைய உத்தரவில் தடுக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்கவும் வழியிருக்கிறது. 2024இல் நிறைவேறிய 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஆணைக்குழு ஒன்றின் மூலம் இணைய இடங்களுக்கான அணுகலைத் தடுப்பதற்கு வழிவகுத்தது. இப்படிப்பட்ட சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், உண்மையான தடையைத் தடை என்று நிறுவிக் காட்டும் திறமை எங்களுக்கு மிகவும் தேவை.

செத்துப்போன பற்றரிக்கும் காலாவதியான சான்றிதழுக்கும் நாம் 'தடை' என்று கூவிக்கொண்டிருந்தால், மெய்யான தடை வரும் நாளில் அதிகாரத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, "உங்கள் கணினியில் திகதியைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார். 2007இல் தமிழ்நெற் திறக்காதபோது எங்கள் திரைகள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. வேறு நாட்டில் இருந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தே நாங்கள் அதை அறிந்துகொண்டோம். அந்த ஒப்பிடும் பழக்கம் அன்று ஒரு சில செய்தியாளர்களிடம் மட்டும் இருந்தது. இன்று கையில் தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொரு வாசகரிடமும் இருக்கலாம், இருக்க வேண்டும்.